கொல்லோ: சாவைப் பாடும் கவிதைகளை வாசிக்கத் தொடங்குபவருக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பழைய தமிழ்ப் பாடல்களைப் படிக்கிறோம். பெங்களூரில், அல்சூர் ஏரியிலிருந்து நடந்து வரும் தூரம். பாதிப் பேர் இங்கேயே பிறந்து கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படித்தவர்கள். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள், எழுத்து என்றால் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார்கள். போன வருடம் சாவைப் பற்றிய பாடல்களை எடுத்தோம். முதல் நாளே ஒரு தம்பி கேட்டார்: "சார், இதெல்லாம் படிச்சா பயம் போகுமா?" போகாது என்றேன். அடுத்த வாரமும் வந்தார்.

அந்த ஒரு வருடத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தனியாகவும் செய்யலாம். நாலு பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது.

தேவையான பொருள்: ஒரு பென்சில், பாட்டு அச்சான தாள். புத்தகம் வாங்க ஓட வேண்டாம். மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் மூலமும் பல உரைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். செல்போனில் படித்தால் வட்டம் போட முடியாது. வட்டம் போடுவதுதான் இதில் முக்கியமான வேலை.

முதலில் ஒரே ஒரு குறள்

நேராகப் புறநானூற்றுக்குள் போகாதீர்கள், மூச்சு வாங்கும். திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுங்கள், 340.

புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள்
துச்சில் இருந்த உயிர்க்கு.

பெங்களூரில் வாடகைக்கு இருப்பவருக்கு இதற்கு உரையே வேண்டாம். புக்கில் என்பது புகுந்து நிலையாக இருக்கிற வீடு. துச்சில் என்பது ஒண்டிக்கொள்கிற இடம், நம் பேச்சில் பி.ஜி. உடம்பு என்கிற பி.ஜி.யில் ஒண்டியிருந்த உயிருக்குச் சொந்த வீடு இன்னும் அமையவில்லையோ? பரிமேலழகர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறார். உடம்பு என்பதே வாதம் முதலான நோய்களின் வீடு. உயிர் அதில் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. நோய்கள் விட்டுக்கொடுக்கும் வரை இருந்துவிட்டு, அவை கோபித்துக்கொண்டால் கிளம்பிவிடுகிறது. பத்து மாத அட்வான்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு எப்போது காலி பண்ணச் சொல்வாரோ என்று தெரியாத ஓனரை அறிந்தவர்களுக்கு, 'நோய்தான் ஓனர்' என்கிற இந்த விளக்கம் சட்டென்று புரியும்.

பொருள் புரிந்துவிட்டது என்று அடுத்ததற்குப் போய்விடாதீர்கள். அந்தத் தம்பி போனார், திருப்பிக் கூப்பிட வேண்டியிருந்தது. பென்சிலை எடுத்து 'கொல்லோ' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இப்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் படியுங்கள்: புக்கில் அமைந்தின்று, உடம்பினுள் துச்சில் இருந்த உயிர்க்கு. வீடு அமையவில்லை, அவ்வளவுதான். கதவு மூடிவிட்டது. சொல்லைத் திரும்ப வையுங்கள். பேசுகிறவருக்கே நிச்சயமில்லை என்பது தெரிகிறது. பரிமேலழகர் இதற்குப் 'போலும்' என்று பொருள் சொல்கிறார். நேரடிக் கேள்வியாகவும் படிக்கலாம். எப்படிப் படித்தாலும் வள்ளுவர் சத்தியம் பண்ணவில்லை.

தொல்காப்பியத்தில் இதற்கு ஒரு நூற்பா இருக்கிறது. மொத்தமே இரண்டு சொல்: "கொல்லே ஐயம்." கொல் என்ற இடைச்சொல் சந்தேகத்தைக் குறிக்கும் என்று அர்த்தம். கொல் என்றால் கொலை செய் என்றுதானே என்று ஒருவர் கேட்டார். கன்னடத்திலும் சாவு சாவுதான், கொல்லு கொல்லுதான். அவருக்கு அது அந்த வழியாகவே வந்திருக்கும். இது வேறு சொல் என்று சொன்னேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் யாரும் 'கொல்'லை மறக்கவில்லை.

ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் இந்தக் குறளை ஒருமுறை படித்தோம். 1991 முதல் 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்ட சிலை அது. புக்கில் அமையாமல் துச்சிலில் இருப்பது என்றால் என்ன என்று அவரைக் கேட்டாலே சொல்லியிருப்பார்.

பென்சில் வேலை: கோடும் வட்டமும்

இனி எந்தப் பாட்டை எடுத்தாலும் இதைச் செய்யுங்கள். பாடியவருக்கு உறுதியாகத் தெரிந்ததற்கு அடிக்கோடு, தெரியாததற்கு வட்டம். அதே அதிகாரத்தில் "நெருநல் உளனொருவன் இன்றில்லை" என்று வருகிறது. நேற்று இருந்தான், இன்று இல்லை. இதில் வட்டம் போட ஒன்றும் கிடையாது, முழுக்க அடிக்கோடுதான். இன்னொரு குறள், உறங்குவது போலும் சாக்காடு என்கிறது. 'போலும்' மேல் பென்சில் நிற்கும். ஒருவர் அதில் பாதிக் கோடும் பாதி வட்டமும் போட்டார். சரிதான் என்று விட்டுவிட்டோம்.

ஒரு பத்துப் பாட்டில் இதைச் செய்து பார்த்தால் ஒன்று கண்ணில் படும். சாவு வரும் என்பதில் எந்தக் கவிஞருக்கும் சந்தேகம் இல்லை. போனவர் எங்கே, நாம் செய்வது அவருக்குப் போய்ச் சேருகிறதா, இனி நான் என்ன செய்வது என்ற இடங்களில்தான் வட்டம் விழுகிறது. புறநானூற்றில் இப்படிப் புலம்பும் பாட்டுகளுக்குப் போட்டிருக்கும் துறைப் பெயரும் அதுவேதான்: கையறுநிலை. கை அற்றுப்போன நிலை. என்ன செய்வதென்று ஓடாத நிலை.

இப்போது புறநானூறு: 232

நானூறு பாட்டில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஔவையார், அதியமான் இறந்த பிறகு பாடியது. ஆறே வரி.

இல்லா கியரோ காலை மாலை
அல்லா கியர்யான் வாழும் நாளே
நடுகல் பீலி சூட்டி நாரரி
சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ
கோடுயர் பிறங்குமலை கெழீஇய
நாடுடன் கொடுப்பவும் கொள்ளா தோனே.

முதல் இரண்டு வரியில் திட்டு விழுகிறது. காலையும் வேண்டாம் மாலையும் வேண்டாம், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும். அப்புறம் குரல் சட்டென்று இறங்குகிறது. அவனுக்குக் கல் நட்டு, மயிற்பீலி சூட்டி, நாரால் அரித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றுகிறார்கள். இதை அவன் வாங்கிக்கொள்வானோ? உயர்ந்த சிகரமுள்ள மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தபோதும் வாங்கிக்கொள்ளாதவன் ஆயிற்றே.

'சிறுகலம்' என்பதற்கு அடிக்கோடு போடுங்கள். மலையும் நாடும் ஒரு பக்கம், ஒரு கைப்பிடிக் கலம் மறுபக்கம். 'கொள்வன் கொல்லோ'வுக்கு வட்டம். கள்ளை ஊற்றும் ஆளுக்குச் சடங்கில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது, ஊற்றுகிறார்களே. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

எனக்கு இந்தப் பாட்டு கல்லூரியில் புரியவில்லை. அப்பாவின் முதல் திதியன்று புரிந்தது. இதே மொட்டை மாடியில் வாழையிலைத் துண்டில் சாதம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல் வைத்துவிட்டுக் காக்கைக்காக நின்றோம். எங்கள் தெருவில் காக்கை குறைவு, புறா அதிகம். முக்கால் மணி நேரம் "கா கா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் ஒரு புறா வந்து இலை ஓரத்தைக் கொத்தியது. அம்மா என்னைப் பார்த்தார். "இது கணக்கில் வருமாடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா வீட்டில் ஒரு நாளும் வாழைக்காயைத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது.

இன்னொரு சின்னச் சொல்: மன்

235, இதுவும் ஔவையார், இதுவும் அதியமானுக்குத்தான். "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே, பெரியகட் பெறினே யாம்பாடத் தான்மகிழ்ந்து உண்ணும் மன்னே." கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, அவனும் மகிழ்ந்து குடிப்பான். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு 'மன்' வந்து நிற்கிறது. தொல்காப்பியம் இதற்குச் சொல்லும் பொருள்களில் முதலாவது கழிவு. அதெல்லாம் போயிற்று என்று பொருள். "அப்பா ஞாயித்துக்கெழமைன்னா கறி வாங்கிட்டு வந்துருவாரு..." என்று சொல்லிவிட்டு நாம் நிறுத்துகிறோமே, அந்த நிறுத்தம்தான் 'மன்'. சத்தமாகப் படிக்கும்போது ஒவ்வொரு 'மன்னே'விலும் நின்று போங்கள். ஓடிப் படித்தால் விருந்துப் பாட்டு போலவே கேட்கும்.

யாரிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள். நேராக 'கருத்து என்ன' என்று தேடுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பழக்கம். சாவுப் பாட்டில் கருத்தைத் தேடினால் 'வாழ்க்கை நிலையில்லாதது' என்பதுதான் திரும்பத் திரும்பக் கையில் வரும். அதற்குப் பாட்டு எதற்கு, ஆட்டோவுக்குப் பின்னாலேயே எழுதியிருக்கிறது. பேச்சு யாரை நோக்கிப் போகிறது என்று பாருங்கள்.

242இல் குடவாயிற் கீரத்தனார் ஒரு செடியோடு பேசுகிறார். ஒல்லையூர் வீரன் சாத்தன் இறந்துவிட்டான். இளைஞர்கள் பூச் சூடவில்லை, வளையல் அணிந்த பெண்கள் பறிக்கவில்லை, பாணனும் சூடவில்லை, பாடினியும் அணியவில்லை. "முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே?" இத்தனை பேர் விட்டுவிட்ட பிறகும் நீ பூத்திருக்கிறாயா, முல்லையே? செடி என்ன செய்யும்? அதற்குத் தெரியாது. செடிக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். இருந்தும் கேட்கிறார்.

256 எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. கணவனை வழியிலேயே இழந்த ஒரு பெண், பானை செய்பவரிடம் பேசுகிறாள். "கலம்செய் கோவே, கலம்செய் கோவே" என்று கூப்பிடுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வெள்ளைப் பல்லி போல அவனோடு எத்தனையோ காட்டு வழி வந்தவள் நான். எனக்கும் இரக்கம் காட்டு. புதைக்கும் தாழியை அகலமாக வனை. அவ்வளவுதான் பாட்டு.

அழுகை இதில் ஒரு சொல்கூட இல்லை. ஆர்டர் கொடுக்கிறாள், அளவு சொல்கிறாள். இருவருக்கு இடம் இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை, 'எமக்கும்' என்பதில் அந்த 'உம்' சொல்லிவிடுகிறது. பல்லியைப் பற்றி எங்கள் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். பல்லி வண்டியை ஓட்டவில்லை, எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது, சக்கரம் சுற்றும்போது மேலேயும் கீழேயும் போய் வந்திருக்கும். ஒட்டிக்கொண்டிருந்தது மட்டும்தான் அது செய்தது. வண்டி நின்றுவிட்டால் பல்லி என்ன செய்யும்? ஒரு அம்மா, வயது அறுபதுக்கு மேல், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து நாற்பது வருடம் ஆனவர், "எனக்குப் பஸ் நம்பர்கூட அவர் சொல்லித்தான் தெரியும்" என்றார். அன்றைக்கு அதோடு முடித்துக்கொண்டோம்.

முடிந்தால் இந்தப் பாட்டைப் பாட்டரி டவுனில் மண்பாண்டம் வனையும் ஒருவர் பக்கத்தில் நின்று படியுங்கள். சக்கரத்தைப் பார்த்தால் போதும். கொள்ளிக்குடம் சுமந்து சுற்றியவர்களுக்கு, ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் நின்று ஒருவர் போடும் ஓட்டையிலிருந்து தோளில் தண்ணீர் வழிந்த ஞாபகம் தானாக வரும்.

கல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள்

நடுகல், அதாவது இறந்தவருக்கு நட்ட நினைவுக்கல், பார்க்கத் தருமபுரி வரை போக வேண்டியதில்லை. பெங்களூரு என்ற பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றே இப்படி ஒரு கல்தான். பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் இருக்கிறது, சுமார் கி.பி. 890. பெங்களூருச் சண்டையில் ஒருவர் இறந்தார் என்று பழைய கன்னடத்தில் சொல்கிறது. இந்த ஊரின் பெயரை முதலில் எழுதி வைத்தது ஒரு சாவுச் செய்தி. கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல் இருக்கிறது, 10ஆம் நூற்றாண்டு. அதில் காட்டுப் பன்றியோடு சண்டை போட்டுச் செத்த காளி என்ற நாயையும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். கையில் 232 இருக்கட்டும்.

சூடான பாட்டும் குளிர்ந்த பாட்டும்

இதுவரை பார்த்தவை துக்கப்பட்டவர் பாடியவை. தள்ளி நின்று பார்ப்பவர் பாட்டும் உண்டு. திருமூலர் அதில் பெரிய ஆள். ஊரே கூடி ஒலிக்க அழுது, பெயரை நீக்கிப் பிணம் என்று பெயரிட்டு, காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டு, "நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே" என்று முடிக்கிறார். குளித்தார்கள், மறந்தார்கள். இன்னொன்றில் ஒருவர் சமைத்து வைத்ததைச் சாப்பிடுகிறார், மனைவியோடு கொஞ்சிப் பேசுகிறார், இடப்பக்கம் கொஞ்சம் வலிக்கிறது என்கிறார், படுக்க வைக்கிறார்கள், "கிடந்தொழிந் தாரே." மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு, கேஸ் ஷீட்டில் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது என்றார்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாடல்களைச் சாவு நடந்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நான் ஒருமுறை தெரியாத்தனமாகச் செய்தேன். 'ஆறுதலாக இருக்கும்' என்று நினைத்து அந்த முதல் பாட்டைச் சொன்னேன். "அப்போ நாங்க மறந்துடுவோம்கிறீங்களா?" என்று அந்த வீட்டுப் பெண் கேட்டாள். அதற்கப்புறம் அவர்கள் வீட்டுக்குப் போய் இயல்பாக உட்கார இரண்டு வருடம் ஆயிற்று.

பாரதியின் "காலா, உனைநான் சிறு புல்லென மதிக்கிறேன்" பலருக்கு மனப்பாடம். நல்ல பாட்டு, வாய்விட்டுப் பாடினால் உடம்புக்கே தெம்பு வரும். 39 வயதுகூட ஆகாமல் 1921இல் போனவர் பாடியது என்று தெரிந்து படித்தால் குரல் கொஞ்சம் மாறும். ஆனால் நம் பென்சிலுக்கு அதில் அதிக வேலை இல்லை. அதே ஆள் "நிற்பதுவே நடப்பதுவே பறப்பதுவே, நீங்களெல்லாம் சொற்பனந் தானோ" என்று கேட்கும் இடத்துக்குப் போங்கள். அந்தப் பாட்டில் ஓ, ஓ என்று வட்டம் விழுந்துகொண்டே இருக்கும்.

ஒப்பாரி கேட்க விரும்பினால்

விரும்புங்கள், ஆனால் முறை தெரிந்து போங்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று பலரும் நம்புகிறார்கள். "ஒரு ரெண்டு வரி பாடுங்க பாட்டி, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்" என்று நடுவீட்டில் செல்போனை நீட்டினால் துடைப்பம்தான் வரும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டி, தெருக்கோடியில் மரத்தடிக்கு வரச் சொல்லி, பாடாமல் வசனமாகச் சொன்னார். அதுவும் நாலாவது வரியில் நிறுத்திவிட்டு, "இது எங்கக்காவுக்குப் பாடினது" என்று எழுந்து போய்விட்டார். நிறுத்தினால் மறுபடி கேட்காதீர்கள்.

நாலு வரி எழுதுங்கள்

படிக்கிறவர் எல்லாரும் கவிஞராக வேண்டும் என்று இல்லை. எழுதிப் பார்த்தால்தான் அவர்கள் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது தெரியும். எங்கள் விதி மூன்று. இறந்தவரின் பொருள் ஒன்று வர வேண்டும். மரணம், பிரிவு, கண்ணீர், நினைவு ஆகிய சொற்கள் வரக் கூடாது. உவமை ஒன்றுக்கு மேல் வேண்டாம். பல்லி மாதிரி கிடைத்தால் வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம். பயம் போகுமா என்று கேட்ட தம்பி எழுதியது இது:

அம்மாவின் மூக்குக்கண்ணாடி டப்பாவில்.
பவர் மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.
கடைக்காரர் கொடுத்த சீட்டும் உள்ளேதான் இருக்கிறது.
செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

முதலில் ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. எல்லாரும் அதை எடுத்துவிடச் சொன்னோம். அரைமனதோடு எடுத்தார்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கூட்டத்தில் ஒருவர் வீட்டிலேயே சாவு விழுந்தால் என்ன செய்வது? எங்களுக்கு அது டிசம்பரில் நடந்தது, பஸ் நம்பர் பற்றிச் சொன்ன அந்த அம்மாவின் கணவர். வாட்ஸாப் குழுவில் யாரும் பாட்டுப் போட வேண்டாம் என்று முடிவு செய்தோம். போய் நாற்காலி எடுத்துப் போட்டோம், காபி பிளாஸ்க் தூக்கினோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் யாரும் கூட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மார்ச்சில் ஒரு ஞாயிறு அவரே படியேறி வந்தார். லிஃப்ட் வேலை செய்துகொண்டிருந்தது, இருந்தும் படியில்தான் வந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அந்தப் பல்லிப் பாட்டைப் படிங்க" என்றார்.